உள் மெயிலுக்குப் பதில் போடாத சக ஊழியர்கள்: எத்தனை முறை, எப்படிக் கேட்பது?

ரிப்காலர் · செவ்வாய், காலை 9.40

பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி, மெர்ச்சண்டைசிங் பிரிவு (பையருக்கும், அதாவது ஆர்டர் கொடுப்பவருக்கும், உள் பிரிவுகளுக்கும் நடுவில் நிற்கும் பிரிவு). பையர் மெயில் போட்டால் அன்றைக்கே பதில் போயாக வேண்டும். அதற்காக உள்ளே பேட்டர்ன், கட்டிங், ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் என்று கேட்டால் சத்தமே இல்லை. உதாரணத்துக்கு, பதில் வராத ஒரு மெயிலை ஸ்டைல் எண்ணை மாற்றி அப்படியே போடுகிறேன். டூவில் 5 பேர், சிசியில் 6 பேர், இரண்டு நினைவூட்டல் போயாச்சு. (சைஸ் செட் என்றால் ஒவ்வொரு சைஸிலும் தைத்த மாதிரி, ரிப் என்றால் காலருக்கு வைக்கும் இழுபடும் பின்னல் துணி.)

"அனைவருக்கும் வணக்கம். ஸ்டைல் 4417 சைஸ் செட் தொடர்பாக பையர் கமெண்ட்ஸ் வந்துள்ளது, இணைப்பில் காணவும். காலர் ரிப் அகலம், எம் சைஸ் பாடி நீளம், வாஷ்கேர் லேபிள் இடம், ஏற்கெனவே வெட்டிய 300 பீஸ் ஆகியவற்றை அனைவரும் பார்த்து ஆவன செய்யவும். அவசரம்."

மூன்று கேள்வி. எத்தனை நாள் விட்டு நினைவூட்டுவது? ஜிஎம்மை (பொது மேலாளரை) எந்தக் கட்டத்தில் சிசியில் சேர்ப்பது? "பதில் வராவிட்டால் ஓகே என்று எடுத்துக்கொள்வோம்" என்று எழுதலாமா?

டாப்ஷீட் · செவ்வாய், காலை 10.15

நினைவூட்டல் கணக்கெல்லாம் அப்புறம். இந்த மெயிலில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை, கவனிச்சீங்களா? கேட்காத கேள்விக்கு யார் பதில் போடுவார்?

டூவில் 5 பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். 4 விஷயத்தை ஒரே மெயிலில் போட்டால், 3க்குப் பதில் தெரிந்தவர்கூட நாலாவது தெரியும்வரை ரிப்ளை பட்டனைத் தொடமாட்டார். "அவசரம்" என்பதற்கு நேரமே கிடையாது. "ஆவன செய்யவும்" என்றால் யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதியவருக்கே தெரியாது என்று அர்த்தம்.

நாலாக உடையுங்கள். காலர் ரிப் மட்டும், பேட்டர்ன் மாஸ்டருக்கு மட்டும்:

சப்ஜெக்ட்: காலர் ரிப் 2 செ.மீ. முடியுமா? புதன் மாலை 4க்குள் – ஸ்டைல் 4417

"அண்ணா, காலர் ரிப்பை 2.5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ. ஆக்கச் சொல்லி பையர் கேட்கிறார். கழுத்து அளவு மாறாமல் முடியுமா?
1. முடியும்.
2. முடியாது, குறைந்தது ___ செ.மீ. வேண்டும்.
நம்பரை மட்டும் அனுப்பினால் போதும். வியாழன் காலை ரிப் ஓட்ட நூல் கொடுக்கணும், அதனால்தான் புதன் 4 மணி."

சப்ஜெக்டில் கேள்வி முதலில், ஸ்டைல் எண் கடைசியில். போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும், அந்த இடத்தை "ரீ: ரீ: எஃப்டபிள்யூ:" தின்றுவிடும். கெடு எழுதினால் அதற்கான காரணத்தையும் ஒரு வரி எழுதணும். காரணம் இல்லாத கெடுவை யாரும் மதிப்பதில்லை, மதிக்க வேண்டியதும் இல்லை.

சிசியில் இருக்கிற 6 பேரில், இந்தப் பதில் தெரியாவிட்டால் யாருடைய வேலை நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் தேறுவார்.

கட்டிங்மேஜை · செவ்வாய், பகல் 12.50

ஃப்ளோர் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க. பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங் இன்சார்ஜ் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஆளுங்க இல்லை. மெயில் போனில்தான். 18 பக்க டெக்பேக்கை (ஸ்டைலின் அளவு, விவரம் எல்லாம் உள்ள ஆவணம்) பிடிஎஃப்பாக அனுப்பினால், ஒரு கையில் கத்திரியோடு இன்னொரு கையில் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. எந்தப் பக்கமோ அதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அளவைச் சிவப்பில் வட்டமிட்டு, மெயில் உள்ளேயே ஒட்டுங்க. அட்டாச்மென்ட் வேண்டாம்.

அப்புறம் இங்கிலீஷ். யாரும் வெளியே சொல்லமாட்டாங்க, ஆனால் பதில் வராததற்கு இது பெரிய காரணம். 25 வருஷம் துணியோடு பழகினவருக்கு விஷயம் தெரியும், இங்கிலீஷில் நாலு வரி எழுதக் கூச்சம். அதுவும் சிசியில் ஜிஎம் இருந்தால் தப்பாக எழுதிவிடுவோமோ என்று தள்ளிப்போடுவார், அந்த மெயில் கீழே போயிடும். கேள்வியைத் தமிழில் கேளுங்க. பையருக்குப் போகிற இங்கிலீஷை எழுதுவது மெர்ச்சண்டைசர் வேலை.

நேரமும் முக்கியம். காலை முதல் ஒரு மணி நேரம் லைன் ஃபீடிங் (தையல் வரிசைக்குத் துணி கொடுப்பது), ஆள் வந்தாச்சா என்பதிலேயே போகும். சனிக்கிழமை மாலை சம்பளம். 11 மணி டீ முடிந்ததும், இல்லாட்டி சாப்பாடு முடிந்து வேலை தொடங்குவதற்கு முன்னால் வந்து சேருகிற மெயிலுக்குப் பதில் வரும். ராத்திரி 9 மணிக்கு எழுதி முடித்தால் மறுநாள் 11.10க்குப் போகிற மாதிரி ஷெட்யூல் பண்ணி வையுங்க.

ரிப்காலர் · செவ்வாய், பகல் 1.20

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டால் உடனே பதில் வருகிறது. ஆனால் பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று வந்தால் காட்ட எதுவும் இருக்காதே?

கட்டிங்மேஜை · செவ்வாய், பகல் 1.35

வாய்ஸில் பதில் வாங்குங்க, அளவை மட்டும் எழுத்தில் வாங்குங்க. மெஷின் சத்தத்தில் "ரெண்டு", "ரெண்டரை" இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். அரை செ.மீ. என்றால் காலர் மொத்தமும் போச்சு.

பதில் கிடைத்த அன்றைக்கே நீங்களே ஒரு மெயில் போட்டுவிடணும்: "இன்று 11.20க்குப் பேசியபடி ஸ்டைல் 4417 காலர் ரிப் 2 செ.மீ. முடியும். மாற்றம் இருந்தால் இன்று 4 மணிக்குள் சொல்லுங்க." அவர் எழுத வேண்டிய பதிலை நீங்கள் எழுதிவிட்டீர்கள். தப்பாக இருந்தால் கட்டாயம் சத்தம் போடுவார். சும்மா கேட்டால் பதில் போடாதவரும், தன் பெயரில் தப்பான அளவு நிற்கிறது என்றால் விடமாட்டார்.

சர்வர்அறை · செவ்வாய், மாலை 3.05

"பதில் போடவில்லை" என்று முடிவு கட்டும் முன் மெயில் போய்ச் சேர்ந்ததா, கண்ணில் பட்டதா என்று பாருங்கள். ஐடி ஆளிடம் அனுப்பிய நேரம், அனுப்புநர், பெறுநர் மூன்றையும் கொடுங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் அட்மின் கன்சோலில் இமெயில் லாக் சர்ச், மைக்ரோசாஃப்ட் 365 என்றால் மெசேஜ் டிரேஸ். இன்பாக்ஸுக்குப் போனதா, ஸ்பாம் என்று பிடிபட்டதா என்பது தெரிந்துவிடும்.

அடிக்கடி கண்ணில் படுபவை இவை. முகவரியின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் அதே பெயருள்ள வேறொருவர், அல்லது வேலையை விட்டுப் போனவரின் பழைய ஐடி வந்து உட்கார்ந்துகொள்ளும். க்ரூப் ஐடியில் புதிதாகச் சேர்ந்தவரை யாரும் சேர்த்திருக்கமாட்டார்கள். அவுட்லுக்கில் ஃபோகஸ்டு இன்பாக்ஸ் போட்டிருந்தால் சில மெயில்கள் பக்கத்து "அதர்" டேபுக்குப் போய்விடும், அந்தப் பக்கம் வாரக்கணக்கில் போகாதவர்கள் உண்டு.

பலருக்குத் தெரியாதது, மியூட். ரிப்ளை ஆல் சண்டையில் வெறுத்துப்போய் ஒருவர் அந்த இழையை ஜிமெயிலில் மியூட் செய்தாலோ, அவுட்லுக்கில் "இக்னோர்" கொடுத்தாலோ, அதே இழையில் நீங்கள் போடும் நினைவூட்டல் அவர் இன்பாக்ஸுக்கே வராமல் போகலாம். அவுட்லுக்கில் நேராக டெலீட்டட் ஐட்டம்ஸுக்குப் போய்விடும். இரண்டு நினைவூட்டலுக்கும் அசைவில்லை என்றால் மூன்றாவதைப் புது சப்ஜெக்டில் புது மெயிலாகப் போடச் சொல்வது இதனால்தான்.

ஜிமெயிலில் அட்டாச்மென்ட் 25 எம்பி தாண்டினால் டிரைவ் லிங்காக மாறிவிடும். பார்க்க அனுமதி கொடுக்காமல் அனுப்பினால் எதிராளிக்கு வருவது அனுமதி கேட்கும் பக்கம்தான். பாதிப் பேர் அதோடு மூடிவைத்துவிடுவார்கள். 102 கேபி தாண்டிய மெயிலின் வாலை ஜிமெயில் வெட்டிவிட்டு, முழுதும் பார்க்க ஒரு லிங்க் மட்டும் காட்டும். பழைய ரிப்ளைகள் ஒட்டிய நீள மெயிலில் உங்கள் கேள்வி அந்த வாலில் இருந்தால் கதை முடிந்தது.

ரீட் ரிசீப்ட்டை நம்பாதீர்கள். சொந்த ஜிமெயில் கணக்கில் அது கிடையாது. வொர்க்ஸ்பேஸில் அட்மின் திறந்துவிடணும், அவுட்லுக்கில் பெறுபவர் மறுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்து "திறந்தார்" என்று காட்டும் செயலிகள் இன்னும் மோசம். ஆப்பிள் மெயில் 2021 முதல், அந்தத் தனியுரிமை வசதி போட்டவர்களுக்கு, மெயிலைத் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு "நீங்க படிச்சாச்சு, எனக்குத் தெரியும்" என்று போய் நின்றால் அவமானம்தான் மிச்சம்.

உருப்படியானது ஒன்று: எல்லோரும் ஒரே எக்ஸ்சேஞ்சில் (மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வரில்) இருந்தால், கம்ப்யூட்டர் அவுட்லுக்கில் ஆப்ஷன்ஸுக்குள் ஓட்டிங் பட்டன் இருக்கிறது. எஸ்/நோ, அப்ரூவ்/ரிஜெக்ட் என்று வைத்து அனுப்பலாம். யார் எதை அழுத்தினார்கள் என்ற கணக்கு, சென்ட் ஐட்டம்ஸில் இருக்கும் அதே மெயிலில் வந்து சேரும். ஜிமெயில்காரர்கள் அனுப்பிய மெயிலைத் திறந்து கெடு நேரத்துக்கு ஸ்னூஸ் வைத்துவிடுங்கள். மனதில் வைத்திருக்க வேண்டாம்.

நூல்முனை · செவ்வாய், மாலை 5.30

ஜிஎம்மை சிசியில் சேர்ப்பது பற்றி: முதல் மெயிலிலேயே சேர்த்தால் மிரட்டல். மூன்றாவதில் சொல்லாமல் நுழைத்தால் கோள் மூட்டல். இரண்டிலுமே பதில் வரலாம், ஆனால் அடுத்த ஸ்டைலுக்கு அந்த ஆள் முகம் கொடுக்கமாட்டார்.

சண்டை வராத வரிசை இது. கெடுவுக்குப் பாதி நேரம் இருக்கும்போது ஒரு வரி நினைவூட்டல், அதே இழையில். கெடு முடிவதற்கு 2 மணி நேரம் முன்பு போன். அதுவும் முடியாவிட்டால் மேஜைக்கு நேரில், கையில் அச்சடித்த அந்த ஒரு பக்கத்தோடு. அப்போதும் இல்லையென்றால், "சார், 5 மணிக்கு இதை ஜிஎம் கிட்ட முடிவுக்குக் கொண்டுபோகணும். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டா நல்லது" என்று அவரிடமே சொல்லிவிட்டு, சொன்னபடி 5 மணிக்குச் சேர்ப்பது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதைக் கோள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜிஎம்முக்கு எழுதும்போது "இன்னார் பதில் தரவில்லை" என்று தொடங்கக் கூடாது. "காலர் ரிப் 2 அல்லது 2.5, இன்று முடிவு வேண்டும், இல்லாவிட்டால் ரிப் ஒரு நாள் தள்ளும்" என்று எழுதுங்கள். பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் ஒத்திப்போடுவார். முடிவு கேட்டால் கொடுப்பார்.

இடைவெளிக்கு 24 மணி, 48 மணி என்ற பொதுக்கணக்கு எல்லாம் வேலைக்கு ஆகாது. கெடுதான் கணக்கு. இன்று மாலைக்குள் வேண்டியதை மெயிலில் கேட்பதே தப்பு, போனை எடுங்கள்.

பழைய தஸ்தாவேஜு · செவ்வாய், இரவு 8.10

அரசு அலுவலகக் கடிதத்தைக் கேலி செய்கிறோம், ஆனால் அதில் இதற்கு மருந்து இருக்கிறது. "பொருள்" என்ற வரிக்குக் கீழே "பார்வை" என்று போட்டு முந்தைய கடிதங்களின் எண், நாள் எல்லாவற்றையும் வரிசையாகக் குறிப்பார்கள். மூன்றாவது நினைவூட்டலைப் புது மெயிலாகப் போடும்போது அதையே செய்யலாம்:

பார்வை: 1. மெயில், திங்கள் காலை 11.10. 2. நினைவூட்டு, செவ்வாய் காலை 11.15. 3. தொலைபேசி, செவ்வாய் மாலை 4.00.

ஒரு வார்த்தை கடுமை இல்லை. படிப்பவருக்குப் புரியும், நாளைக்கு மேலே போனால் மேலே இருப்பவருக்கும் புரியும். "பல முறை கேட்டும்", "இதுநாள்வரை பதில் இல்லாதது வருந்தத்தக்கது" போன்றவற்றை எழுதினால் எதிராளி தொனியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவார்.

பதவிக்குப் போகும் கடிதம் கோப்பில் தூங்கினால், அதிகாரியின் பெயருக்கே நேர்முகக் கடிதம் எழுதும் வழக்கமும் உண்டு. க்ரூப் ஐடிக்கு அனுப்பாமல் ஆளுக்கு அனுப்புங்கள் என்று மேலே சொன்னதும் அதே சங்கதிதான்.

வவுச்சர்ராணி · புதன், காலை 10.05

மூன்றாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போயிட்டீங்க. மௌனம் சம்மதமா?

ஒப்பந்த விஷயத்தில் பொதுவாக இல்லை. "பதில் இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்வோம்" என்று ஒருவர் தானாக எழுதிவிட்டால் மற்றவர் கட்டுப்பட்டுவிடமாட்டார். ஆனால் வந்து இறங்கிய சரக்கு விஷயத்தில் நிலைமை தலைகீழ், அங்கேதான் உள் மெயிலுக்குப் பதில் போடாதது காசைத் தின்னும்.

டையிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி யூனிட்டுகளில் நிறைய பேர் அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்கள். 2006 ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டப்படி, சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அங்கிருந்து பணம் கொடுக்கும் கெடு ஓடத் தொடங்கிவிடும்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

இதற்கு மேல் 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. கெடு தாண்டிய பில் மார்ச் 31இல் நிலுவையில் நின்றால், அந்தச் செலவு அந்த வருஷக் கணக்கில் கழியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழியும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடப்புக்கு வந்தது.

இப்போது யோசியுங்கள். "ஷேடு சரியா? எடை சரியா? பில் பாஸ் பண்ணலாமா?" என்று அக்கவுண்ட்ஸ் மெயில் போடுகிறது. ஸ்டோரும் மெர்ச்சண்டைசரும் பதில் போடவில்லை. 16ஆம் நாள் ஷேடு சரியில்லை என்று சொன்னால் டையிங்காரர் ஏன் கேட்கணும்? அதனால் அக்கவுண்ட்ஸ் போடுகிற மெயில் இப்படி இருக்கணும்: "டிசி (டெலிவரி சலான்) எண் ___, வந்த நாள் 3ஆம் தேதி, 412 கிலோ. ஷேடு/எடை குறை இருந்தால் 12ஆம் தேதிக்குள் சொல்லவும். 18ஆம் தேதிக்குப் பிறகு எழுத்தில் ஆட்சேபம் சொல்லும் வாய்ப்பு போய்விடும்." 12 என்று போடுவது, ஆட்சேபக் கடிதம் எழுதி அனுப்ப நாள் வேண்டுமே, அதற்காக.

மாதக் கெடுக்களும் இதே கதைதான். 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி (இரண்டும் ஜிஎஸ்டி கணக்கு). 10ஆம் தேதி மாலை 6 மணிக்கு "இன்வாய்ஸ் திருத்தம் உண்டா?" என்று கேட்டுவிட்டு பதில் வரவில்லை என்று புலம்பும் அக்கவுண்ட்ஸ்காரர்களும் இருக்கிறார்கள். நம்ம ஆட்கள்தான். 5ஆம் தேதியே கேட்டுவிடணும்.

டாப்ஷீட் · புதன், காலை 10.40

ராணி சொன்னதோடு ஒன்று. கம்பெனிக்குள் "பதில் வராவிட்டால் இப்படிச் செய்வோம்" என்று எழுதலாம், ஆனால் திருப்பிச் சரிசெய்யக்கூடிய வேலைக்கு மட்டும். லேபிள் பக்கத் தையலில் வருமா, கழுத்தில் வருமா என்பது சாம்பிள் நிலையில் இருந்தால் எழுதலாம். "பதில் வராவிட்டால் 300 பீஸையும் புது அளவுக்குத் திருத்தி வெட்டுவோம்" என்று எழுதக் கூடாது. வெட்டிய துணி ஒட்டாது. அங்கே எழுத வேண்டியது, "பதில் வரும்வரை 4417 கட்டிங் நிற்கும், புதன் மதியத்துக்கு மேல் மேஜை சும்மா இருக்கும்." மேஜை சும்மா நிற்பது புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வலிக்கும், பதில் வரும்.

ரிப்காலர் · புதன், காலை 11.25

காலர் ரிப் மெயிலை மாற்றிப் போட்டேன், "1" என்று பதில் வந்துவிட்டது. ஒரே எழுத்து.

இன்னொரு வகை இருக்கிறது: "பார்க்கிறேன்", "சொல்றேன்" என்று மட்டும் பதில் போடுபவர். ஆள் லீவில் போனால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

நூல்முனை · புதன், பகல் 12.10

"பார்க்கிறேன்" வந்த உடனே, "சரிங்க, நாளைக்கு 11 மணிக்கு வந்து வாங்கிக்கட்டுமா?" என்று கேளுங்கள். நேரத்தை நீங்கள் சொல்லுங்கள், மறுப்பதென்றால் அவர் மறுக்கட்டும். ஒரே ஆளிடம் தொடர்ந்து இப்படி வந்தால் தனித்தனி மெயிலை நிறுத்திவிட்டு, அவருக்கு நிலுவையில் உள்ளதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வாரம் இரண்டு நாள், 15 நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து டிக் அடித்து வாங்கி வாருங்கள். சிலர் எழுத்தில் பதில் போடவே மாட்டார்கள். எதிரில் உட்கார்ந்தால் பத்துக்கும் பதில் சொல்வார்கள்.

சர்வர்அறை · புதன், பகல் 12.30

லீவு: ஆட்டோ ரிப்ளையில் மாற்று ஆளின் பெயர், எண், எந்த வேலைக்கு என்பது மூன்றும் இருக்கணும். "லீவில் இருக்கிறேன், வந்ததும் பதில்" என்பது யாருக்கும் பயனில்லை. ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் போன்ற இடங்களுக்குப் பிரிவின் பெயரில் பொது மெயில்பாக்ஸ் நல்லது, ஆனால் இன்று யார் பொறுப்பு என்று நாள்வாரியாகப் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் டூவில் 5 பேர் போட்ட கதைதான். வேலையை விட்டுப் போனவர் ஐடியை உடனே அழிக்காமல், சில மாதமாவது இடத்துக்கு வந்தவருக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

ரிப்காலர் · புதன், பகல் 1.05

300 பீஸ் மெயிலையும் திருத்தினேன், பார்த்துச் சொல்லுங்கள்:

சப்ஜெக்ட்: வெட்டிய 300 பீஸ் பாடி நீளம் அளந்து சொல்ல முடியுமா? இன்று மாலை 5க்குள் – ஸ்டைல் 4417

"அண்ணா, பையர் எம் சைஸ் பாடி நீளம் 71 செ.மீ. கேட்கிறார். நாம் வெட்டியது 72 கணக்கில். 1. திருத்தி வெட்டலாம். 2. முடியாது. நாளைக் காலை பையருக்குச் சொல்லணும். பதில் வரும்வரை இந்த பீஸ் லைனுக்குப் போக வேண்டாம்."

கட்டிங்மேஜை · புதன், பகல் 1.20

சப்ஜெக்டில் அளக்கச் சொல்றீங்க, உள்ளே வெட்டலாமான்னு கேக்கறீங்க. ஒண்ணை வையுங்க. 300உம் எம் தானா, வேற சைஸும் கலந்திருக்கா? பண்டில் நம்பர் எங்கே? 72ங்கறது முடிஞ்ச அளவா, தையலுக்கு விட்டதும் சேர்த்தா? இந்த மூணும் இல்லாம வந்தா மறுபடி உங்களைத்தான் கேக்கணும், அதுக்குள்ள 5 மணி ஆயிடும்.